1801-க்கு அளவெடுத்தல்

செப்டம்பர் 7, ஞாயிறு

தீபாவளித் துணி வந்து குவியும் நேரம் பார்த்து, தமிழய்யா ஒரு நோட்டோடு கடைக்கு வந்தார். அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடத்தில் மருது பாண்டியர் நாடகம். உடை முழுக்க என் பொறுப்பாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல்: வெல்வெட் கோட்டு, ஜிகினா வைத்த இடுப்புப் பட்டை, கிரீடம், முத்துமாலை, பளபளவென்று பைஜாமா. எல்லாம் மதுரையில் வாடகைக்குக் கிடைக்கும் சாமான்தான். 1959இல் கட்டபொம்மன் படம் வந்ததிலிருந்து நம் பக்கத்துப் பாளையக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கோட்டைக் கழற்றவே இல்லை.

"அய்யா, நரிக்குடி இந்தா இருக்கு, திருச்சுழி தாண்டி. அங்க பிறந்த ஆளுக இந்த வெயில்ல வெல்வெட்டா போட்டிருப்பாக?" என்றேன். எனக்கு எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். கோபப்படவில்லை. "அப்ப என்ன போட்டிருப்பாகன்னு நீயே பாத்துச் சொல்லும்மா" என்று நோட்டை மிஷின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ராத்திரி உட்கார்ந்து, எதெல்லாம் கூடாது என்று முதலில் எழுதினேன். சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. சிங்கர் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851. பெர்கின் என்ற வெள்ளைக்காரப் பையன் முதல் ரசாயனச் சாயத்தைக் கண்டது 1856. ஹார்வி பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலை வைத்தது 1880களில். ஆக, மிஷின் தையல் போச்சு, கடைச் சாயம் போச்சு, ஆலை நூல் போச்சு. பாலியஸ்டரும் ஜிப்பும் பேச்சுக்கே இடமில்லை.

வெல்வெட் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. கடல் கடந்து அரசவைகளுக்கு வந்திருக்கிறது. ஆனால் மருதிருவர் சிவகங்கை அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர்கள். 1772இல் காளையார்கோயிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் ராணி வேலுநாச்சியாரோடு விருப்பாச்சிக்குப் போய் எட்டு வருசம் ஒளிந்து வாழ்ந்தவர்கள். 1780இல் சீமையை மீட்ட பிறகுதான் அதிகாரம். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை ஒரே கோட்டில் நிற்க முடியுமா? அரண்மனை வேலையாள், தலைமறைவு, ஆட்சியாளர் என்று துணி மாறியாக வேண்டும். அய்யாவின் நோட்டில் இது எதுவும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

கடையைச் சாத்திவிட்டு ராமநாதபுரம் போனேன். கமுதி வழி பஸ். ராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களைப் பார்க்க வேண்டும். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவை. நம் கதைக்கு எண்பது வருசம் முந்தியது. ஆனாலும் இந்தச் சீமையில் துணியை வண்ணத்தோடு பார்க்க இதைவிடக் கிட்டத்தில் வேறு இடம் கிடையாது. கோயில் சிலையில் மடிப்புத் தெரியும், முடிச்சுத் தெரியும். நூல் தெரியாது, சாயம் தெரியாது.

சேதுபதி வெள்ளைக்காரர்களைச் சந்திக்கும் காட்சியில் வெகுநேரம் நின்றேன். ஒரே சுவரில் இரண்டு விதத் துணி: உடம்புக்கு வெட்டித் தைத்தது ஒன்று, உடம்பில் சுற்றிக்கொண்டது இன்னொன்று. மன்னருக்கும் அரசவைக்கும் தைத்த அங்கி உண்டு. மற்றவர்களைப் பார்த்தால் இடுப்பில் துணி, தலையில் துணி. பூப்போட்ட துணிகளின் சிவப்பு செங்கலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாடகக் கம்பெனி சிவப்பு இல்லை அது.

குடியானவர்களுக்கு வேறு ஆதாரம் வேண்டும். தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி துரைமாருக்காக ஒவ்வொரு தொழில்காரரையும் கணவன் மனைவியாக வரைந்து கொடுத்திருக்கிறார்கள். லண்டன் மியூசியங்களில் இருக்கும் அந்தப் படங்களைக் கல்லூரியில் படிக்கும் தங்கச்சி மகன் பிரிண்ட் எடுத்துத் தந்தான். தலைப்பாகை கட்டும் விதம் அதிலிருந்துதான் கிடைத்தது. ஆனால் படம் வரையச் சொன்னவர்கள் துரைமார். அவர்கள் பார்க்க வரும்போது யாரும் இருப்பதில் நல்ல துணியைத்தானே உடுத்தி நிற்பார்கள்? அழுக்கையும் ஒட்டையும் நான்தான் சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மேலத்தெரு பெரியப்பா வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி கிடக்கிறது. சுற்றிலும் பவர்லூம் சத்தம். தறியை ஓட்ட ஆளில்லை; பெரியப்பாவின் வாய் மட்டும் ஓடுகிறது. வெள்ளை மல் துணி ஒன்றைக் காட்டினேன். விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எண்பதாம் நம்பர் ஆலை நூல் தாயி. இவ்வளவு சீரா கையில நூக்க முடியுமா? நாடகம் பாக்கறவன் ஏமாறுவான், நெசவாளி ஏமாறமாட்டான்" என்றார்.

அவர் சொன்னதில் நான் குறித்துக்கொண்டது: நம் கரிசலில் விளைந்தது கருங்கண்ணிப் பருத்தி. மழை இல்லாவிட்டாலும் தாங்கும், ஆனால் இழை குட்டை. கையில் நூற்றால் நூல் தடித்தும் மெலிந்தும் வரும். கம்போடியாப் பருத்தி வந்ததெல்லாம் போன நூற்றாண்டில். அடுத்தது அகலம். கயிற்றைச் சுண்டினால் நாடா தானாக ஓடும் தறி நம் பக்கம் பரவியதும் போன நூற்றாண்டில்தான். அதற்கு முன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். நெய்கிறவர் கை எவ்வளவு எட்டுமோ அவ்வளவுதான் துணி. இன்றைய அகல வேட்டியை அப்படியே கட்டிவிட்டால் 1801 ஆகாது.

அதனால் முடிவு: கதர்க் கடையில் வெளுக்காத கோரா வாங்குவது, அகலத்தைக் குறைத்துக் கரையை மடிக்காமல் விடுவது. கையில் நூற்று, கையில் நெய்தது. இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கக் கூடியதில் இதுதான் பக்கம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சாய வேலை. பழைய சிவப்புக்குச் சாயவேர்தான் வேண்டும். ராமநாதபுரம் கடற்கரை மணலில் தோண்டி எடுத்தது ஒரு காலம். இப்போது எனக்கு அகப்பட்டது நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டி. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப் போட்டு, காயவைத்து, படிகாரத்தில் நனைத்து, பிறகு மஞ்சிட்டியில் மெல்லச் சூடு காட்டினேன். கொதித்தால் பழுப்பேறிவிடும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நம் ஊர் உப்புத் தண்ணீரைத் திட்டாத நாளில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. மஞ்சிட்டிக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிவப்பை இறுகப் பிடிக்க வைக்கிறது. ஒரு துண்டைக் கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சோகை பிடித்த நிறம். போர்த் தண்ணீரில் போட்டது ராமலிங்க விலாசத்துச் சுவர்ப் பக்கம் வந்துவிட்டது. கறுப்புக்குத் துருப்பிடித்த ஆணியையும் கருப்பட்டியையும் பானையில் புளிக்க வைத்திருக்கிறேன். கடுக்காய் ஏறிய துணி அதில் பட்டால் கறுக்கும். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மதினி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.

செப்டம்பர் 27, சனி

ரவிக்கைச் சண்டை. வேலுநாச்சியாராகவும் அவர் படையின் குயிலியாகவும் நடிப்பவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அன்றைக்கு இந்தச் சீமையில் பெரும்பாலான பெண்களுக்கு ரவிக்கை கிடையாது. என் பாட்டியே போட்டதில்லை. அதை மேடையில் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. பிள்ளைகளின் கூச்சத்தை விற்று நான் சரித்திரம் வாங்கப் போவதில்லை. சேலையின் நிறத்திலேயே கையில்லாத உள்சட்டை, அதன் மேல் தோளை மூடி வரும் கட்டு. வாடகைக் கடைப் பஃப் கை மட்டும் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பின்கொசுவம் கட்டக் கற்றுத்தர எங்கள் அப்பத்தா வந்தார். "ஊக்கு எதுக்குடி? இடுப்பு இல்லையா?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் சேஃப்டி பின்னைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 4, சனி

கம்பெனிப் பட்டாளம். கர்னல் அக்னியூவுக்கும் அவர் சிப்பாய்களுக்கும் சிவப்புக் கோட்டு. அசலில் அது இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளித் துணி. அதிகாரியின் சிவப்புக்கும் சாதாரணச் சிப்பாயின் சிவப்புக்கும் சாயமே வேறு: அவருக்குப் பூச்சியிலிருந்து எடுத்த பளிச் சிவப்பு, இவனுக்கு வேர்ச் சிவப்பு. பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியச் சட்டைகள் பீரோவில் மட்கிக் கிடந்தன. ஜிப்பைப் பிய்த்து, பித்தளைப் பொத்தான் வைத்து, கழுத்தை நிமிர்த்தித் தைத்தேன். நம்மூர்ச் சிப்பாய்க்குக் கீழே வெள்ளை அரை நிஜார்; முழுக்கால் சட்டை துரைமாருக்கு மட்டும்.

தலைப்பாகை விஷயத்தில் கவனமாக இருக்கச் சொன்னார் அய்யா. ஐந்தே வருசம் கழித்து, 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தது தலையில் வைத்த பொருளால். தோல் குஞ்சம் வைத்த, தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை. கூடவே நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது என்ற உத்தரவு. அந்தத் தொப்பியை 1801இல் மாட்டிவிட்டால் தப்பு. பழைய சுற்றுத் தலைப்பாகைதான்.

ராத்திரி நூல் கட்டையை எடுத்து வைக்கும்போது உறைத்தது: இந்த நாடகத்தில் நான் மிஷினில் தைத்த உடுப்பெல்லாம் எதிரிக்குத்தான். மருதிருவருக்கு அளவே எடுக்கவில்லை. ஒட்டுப்போட்டதும் ஓரம் பிடித்ததும்கூடக் கைத்தையல்.

அக்டோபர் 11, சனி

உடையோடு ஒத்திகை. பையன்கள் தார்ப்பாய்ச்சிக் கட்டி ஓடினார்கள், குதித்தார்கள், வளைந்த எறிகோலான வளரியை எறிந்தார்கள். அவிழவில்லை. சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தார் என்று வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830இல் அச்சான தன் புத்தகத்தில் எழுதியிருப்பதாக அய்யா சொன்னார். வெல்வெட் கோட்டின் கையிறுக்கத்தில் தோளைத் தூக்கி வளரி வீச முடியாது. பெரிய மருதுவாக வருபவன் வாடகைக் கோட்டைப் போட்டுப் பார்த்து, அவனாகவே கழற்றி வைத்தான்.

நாடகத்துக்குப் பணம் கொடுத்த ஊர்ப் பெரியவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "என்னத்தா, நாளெல்லாம் நாத்து நட்டுட்டு வந்தவக மாதிரி இருக்காக. ராசா மாதிரி இல்லையே?" அவர் பேச்சில் பாதி நியாயம் உண்டு. 1780க்குப் பிறகு இவர்கள் கோயில் கட்டி, கோபுரம் எழுப்பி ஆண்டவர்கள். ஆட்சிக் காட்சிகளுக்கு மட்டும் இருவருக்கும் சரிகைக் கரை போட்ட பட்டு ஒவ்வொன்று, காதில் கடுக்கன், மெல்லிய மேல் துணி என்று ஒத்துக்கொண்டேன். தூக்குமேடைக் காட்சியில் மறுபடியும் கோராதான். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அய்யாவும் தலையாட்டினார்.

மதுரையிலிருந்து முன்பணம் கட்டி எடுத்த வெல்வெட் கோட்டு சும்மா கிடக்க வேண்டாமே. 1772 காட்சியில் ஆற்காட்டு நவாபின் படைத்தலைவன் வருகிறான். நவாபு அரசவையில் தைத்த அங்கி வழக்கம்தானே? காலரைப் பிரித்து, அடிப்பாகத்தை நீட்டி அவனுக்குக் கொடுத்துவிட்டேன். சாயங்காலமே பெரியவர் ஆள் அனுப்பிவிட்டார்: அவர் பேரன் சிப்பாயாக வரமாட்டானாம், நவாபின் தலைவனாகத்தான் வருவானாம்.