எட்டு வயது இரேன்

பேத்தியின் பிறந்தநாளுக்கு யாரோ 500 துண்டு ஜிக்ஸா புதிர் கொடுத்திருந்தார்கள். மூடியில் ரெனுவார் வரைந்த ஒரு சிறுமி. பக்கவாட்டில் உட்கார்ந்து, மடியில் கை கோத்து, முதுகு முழுக்க செம்பட்டைக் கூந்தல், அதில் நீல ரிப்பன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து (முழங்கால் ஆட்சேபித்தது) அடுக்கினோம்.

முகம் சீக்கிரம் வந்துவிட்டது. பின்னாலிருக்கும் செடிகள்தான் படுத்தின. கையில் எடுத்தால் இலையே இல்லை, வெறும் பச்சைத் தீற்றல்கள். எழுந்து தள்ளி நின்றால் தோட்டம்! இம்ப்ரஷனிஸம் பற்றித் தடித் தடிப் புத்தகங்களில் புரியாதது ஒரு துண்டு அட்டையில் புரிந்தது. முகத்தில் மட்டும் ரெனுவார் இந்த விளையாட்டை விளையாடவில்லை. வழவழவென்று, பயபக்தியோடு வரைந்திருக்கிறார்.

"இந்தப் பொண்ணு ஏன் தாத்தா சிரிக்கலை?"

"அசையாம உட்காரச் சொன்னா நீ சிரிப்பியா?" என்று சமாளித்தேன்.

முழுக் கதையைச் சொல்லவில்லை. 1880-ல் பாரிஸ் வங்கியாளர் ஒருவர், காஹென் தான்வேர், தன் மகள் இரேனை வரையச் சொன்னார். வீட்டில் யாருக்கும் படம் பிடிக்கவில்லை. வேலைக்காரர்கள் இருக்கும் பகுதியில் மாட்டி வைத்தார்களாம். இரேன் வளர்ந்தாள், மணந்தாள். மகன் முதல் உலகப் போரில் 1917-ல் இறந்தான். படம் பிற்பாடு மகள் பெயாத்ரீஸுக்குப் போனது. 1941-ல் நாஜிகள் அதைக் கொள்ளையடித்தார்கள். அப்புறம் பெயாத்ரீஸையும் அவள் இரண்டு பிள்ளைகளையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். யூதர்கள் என்பதைத் தவிர வேறு குற்றமில்லை. ஒருவரும் திரும்பவில்லை.

படம் திரும்பியது. 1946-ல் எழுபதைத் தாண்டிய இரேன் கைக்கு வந்தது. தன் எட்டு வயது முகத்தை, இறந்த மகளின் வாரிசாக வாங்கிக்கொண்டாள்! 1949-ல் விற்றுவிட்டாள். வாங்கிய ப்யூர்லே ஸ்விட்சர்லாந்தின் ஆயுத உற்பத்தியாளர். ஹிட்லரின் ஜெர்மனிக்கும் பீரங்கி விற்றவர். அவர் சேகரித்த படங்கள் 2021-ல் சூரிச் குன்ஸ்ட்ஹவுஸின் புதுக் கட்டடத்துக்குக் குடிபோயின.

ஏன் விற்றாள் என்று யோசித்துப் பார்த்தேன். அதைச் சுவரில் மாட்டி, தினம் காலையில் காபியோடு எதிரே உட்கார என்னால் முடியாது.

புதிர் முடிந்ததும் பேத்தி கலைத்து டப்பாவில் போட மாட்டேன் என்றுவிட்டாள். "பாவம் தாத்தா, இருக்கட்டும்." கட்டிலுக்கு அடியில், அட்டையோடு அப்படியே இருக்கிறது.