தேய்மானம் இல்லாத யானை

ஆபீஸ் போகிற இளைஞர்களே, ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காபிக்கும் நடுவில் என்ன செய்கிறீர்கள்? தூங்குகிறீர்கள், இல்லாவிட்டால் செல்போனைத் தடவுகிறீர்கள். அதே கையால் கொஞ்சம் களிமண்ணையும் தடவிப் பாருங்களேன்!

"பி.காம். படிச்சவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று சேரன்மகாதேவியில் எங்கள் தெருவே கேட்டாச்சு. நியாயமான கேள்விதான். வரவு: பூஜ்யம். செலவு: பெயின்ட், பிரஷ், வீட்டம்மாவின் கோபம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆனால் இடம் அப்படி. பக்கத்து ஊர் காருக்குறிச்சி. நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். எங்களுக்கு அது பானை ஊரும்கூட. அங்கே ஒரு பெரியவர்தான் எனக்கு வாத்தியார். முதல் பாடமே இதுதான்: "தம்பி, மண்ணுக்குள்ள காத்தும் ஈரமும் நின்னா சூளையில வெடிச்சிரும், பாத்துக்கிடுங்க."

அதனால் குளத்து மண்ணை ஊறவைத்து, கல் கசடு போக வடிகட்டி, கொஞ்சம் மணல் சேர்த்து, சப்பாத்தி மாவு தோற்கிற மாதிரி பிசைய வேண்டும். பொம்மை பெரிசானால் வயிற்றைக் குடைந்துவிட வேண்டும். நிழலில்தான் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெளித்தோல் முந்திக்கொண்டு சுருங்கி, விரிசல் விடும். அவசரம் ஆபீஸில் பலிக்கலாம், மண்ணிடம் பலிக்காது.

சூளையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்துவிட்டால் மண்ணின் ஜாதகமே மாறிவிடும். அப்புறம் தண்ணீரில் போட்டாலும் கரையாது. ஆறியதும் வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டி, கடைசியில் கண். கண் வைத்த அடுத்த நிமிஷம் பொம்மை நம்மை முறைக்கும் பாருங்கள், மேனேஜர் தேவலை!

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததா என்ன? இதே தாமிரபரணிக் கரையில், கிழக்கே ஆதிச்சநல்லூரில் 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு ஒரு பானை ஓடும் கிடைத்தது. அதில் ஒரு பெண், ஒரு மான், ஒரு கொக்கு, ஒரு முதலை. எல்லாம் மண்ணை உருட்டி ஒட்டிய உருவங்கள். 2500 வருஷத்துக்கும் முந்தின ஆசாமி. அவருக்கும் பக்கத்து வீட்டில் யாராவது "எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்டிருப்பார்கள்.

எதுக்கு என்பது எனக்கே மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் விளங்கியது. அப்பாவுக்குப் பக்கவாதம். முப்பது வருஷம் பேரேடு எழுதின வலது கை மடியில் சும்மா கிடந்தது. அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். ரெண்டு நாள் அமுக்கினார். மூணாம் நாள், "நான் என்ன பச்சப் பிள்ளையாலே?" என்று பந்தைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பிசைந்து வைத்திருந்த உருண்டையை இடது கையால் இழுத்து, வலது கைக்குள் திணித்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். தினமும் ஒரு உருண்டை. முதலில் கொழுக்கட்டை மாதிரி வந்தது. ரெண்டு மாசத்தில் அதற்கு நாலு கால் முளைத்தது.

"மாடு அழகா இருக்கு மாமா" என்றாள் என் மனைவி.

"யானைம்மா!" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

கை முழுசாகத் திரும்பவில்லை. பேனா பிடிக்க வராது, பாங்கில் கைரேகைதான். ஆனால் சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொள்கிறார். யானையைக் காருக்குறிச்சிச் சூளையில் வேகவைத்துக் கொண்டுவந்தேன். பெயின்ட் அடிக்க மனசு வரவில்லை. அதன் முதுகில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது.

மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் போடச் சொல்லிக் கொடுத்தது காலேஜ். இந்த யானைக்கு மட்டும் நான் போடுவதாக இல்லை.