பட்டன் இருக்கு சரி... டயருக்கு என்ன வயசு?

‘டயர் வெடித்ததில் கட்டுப்பாட்டை இழந்து...’ டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து விபத்துச் செய்திகளை டைப் செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு இது பழகிய வரி. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை எங்கள் விழுப்புரம் மாவட்டத்தை நடுவே பிளந்துகொண்டு போவதால், கொஞ்சம் அதிகமாகவே பழகிய வரி. ஆனால், வெடித்த டயருக்கு என்ன வயது என்பது செய்தியில் வருவதே இல்லை.

போன சீசனுக்கு முன்பு அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது. விக்கிரவாண்டி பக்கத்தில் சித்தப்பாவுக்குக் கரும்புதான் விவசாயம். ஒரு டிராக்டர், நாலு சக்கர டிரெய்லர் வைத்திருக்கிறார். அரவை சீசனில் ஆலைக்குக் கரும்பு, அறுப்பு நேரத்தில் நெல் மூட்டை. மற்ற மாதங்களில் டிரெய்லர் களத்துமேட்டில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கும். டயரை மாற்றலாமா என்று பேச்சு வந்தபோது சித்தப்பா சொன்னார்: “பட்டன் அப்படியே இருக்கும்மா. வருஷத்துல நாலு மாசம்தான் ஓடுது. இன்னாத்துக்குப் புதுசு?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், டயர் ஓடினால் மட்டுமா வயதாகும்? சும்மா நின்றாலும் ஆகும். வெயிலும், காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். ரப்பரைக் காப்பாற்ற அதற்குள் மெழுகு போன்ற பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். சக்கரம் உருண்டு டயர் நெளியும்போதுதான் அவை நன்றாக மேற்பரப்புக்கு வரும். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. பட்டன் பளிச்சென்று இருக்க, உள்ளே அடுக்குகளின் பிடிப்பு விட்டுப்போயிருக்கும். பாரம் ஏற்றி ஓட்டிச் சூடேறும்போது அது பிய்த்துக்கொள்ளும்.

டயரின் வயது அதன் பக்கச்சுவரிலேயே இருக்கிறது. நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1815 என்றால் 2015-ம் ஆண்டின் 18-வது வாரம் தயாரானது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உட்பக்கம் இருக்கும். செல்போன் டார்ச்சோடு டிரெய்லருக்கு அடியில் புகுந்து பார்த்தேன். பின்னால் இருந்த ஜோடியில் 1314. சித்தப்பா வாங்கி ஐந்து வருடம்தான் ஆகிறது, ஆனால் டயர் பிறந்தது 2014-ல். ஒரு லாரியில் கழற்றியதை திண்டிவனத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதுபோல, லாரி டயர் கடைசியில் டிரெய்லருக்கு வருவது நம் ஊர் வழக்கம்.

இங்கிலாந்தில் 2012 செப்டம்பரில், இசை விழாவுக்குப் போய்த் திரும்பிய பேருந்து ஒன்று முன் டயர் வெடித்து விபத்துக்குள்ளானது. மூன்று பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது, அந்த டயருக்கு 19 வயது. பேருந்தைவிட டயருக்கு வயது அதிகம்! இறந்தவர்களில் ஒருவரான 18 வயது மைக்கேல் மல்லாயின் அம்மா ஃப்ரான்சஸ் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி முதல், லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 வயது கடந்த டயர் அங்கே சட்டப்படி கூடாது.

நம் மோட்டார் வாகன விதி, கார், லாரிகளுக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. வயதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்பது மிஷ்லின் நிறுவனத்தின் ஆலோசனை. பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் வயதைப் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம். ரீட்ரெட் செய்த டயர் என்றால் பட்டன்தான் புதுசு, உடம்பு பழசு.

எல்லாம் கேட்டுவிட்டு சித்தப்பா, “கரும்புப் பணம் வந்தாத்தானே டயர் வாங்க முடியும்? டயர் இருந்தாத்தானே கரும்பு ஆலைக்குப் போகும்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சித்திதான் கேட்டார்: “ராத்திரி லோடு ஓட்டறது யாரு? நம்ம புள்ளதானே?”

அதோடு பேச்சு முடிந்தது. பின் அச்சு ஜோடியை உடனே மாற்றினார்கள். 2018-ல் தயாரான முன் ஜோடிக்குக் காற்று சரிபார்த்து, லோடைக் குறைத்து ஓட்டி, கரும்புப் பணம் வந்ததும் மாற்றினார்கள். இப்போது டிரெய்லர் நிழலில் நிற்கிறது. பழைய டயரை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். தம்பி கொடுக்கவில்லை. இன்னொரு வண்டியில் ஏறிவிடக் கூடாதென்று பக்கச்சுவரை அறுத்துப் போட்டுவிட்டான்.

உங்கள் வீட்டில் டிரெய்லர் இல்லாமல் இருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை கோயிலுக்குக் கிளம்பும் கார் இருக்கும். டிக்கிக்குள் ஸ்டெப்னி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கையில் இருக்கும் செல்போனின் டார்ச்சை அடித்து, அந்த நான்கு இலக்கத்தை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.