கேட்டல்

கல்வியின் பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டுப் பிறிதோர் ஊருக்குச் செல்லும் மாணவர் இருவகைப் பாடங்களைக் கற்க வேண்டியவராவர். ஒன்று, கல்லூரியில் ஆசிரியர் கற்பிப்பது. மற்றொன்று, அவ்வூரில் வாழும் முறை. முன்னதற்கு நூல் உண்டு, தேர்வும் உண்டு. பின்னதற்கு அவை இல்லை. உண்பது எங்கே, உறங்குவது எவ்வாறு, யாரிடம் எதனைக் கேட்பது என்பன போன்ற சிறு செய்திகளே அப்பாடம். அவை சிறியனவே; ஆயினும் அவற்றை அறியாதவர் படும் துன்பம் சிறிதன்று. கணித மேதை சீனிவாச இராமானுஜன் வாழ்வில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும்.

1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். அவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபொழுது, 1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தாம் கண்ட கணித முடிவுகளைக் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் அறிஞருக்கு எழுதி அனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி, அவரைத் தம்மிடம் வரவழைக்க விரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுனைத் தம் குடும்பத்திற்கென ஒதுக்கிவிட்டு, குடுமி களைந்து, மேனாட்டுடை பூண்டு, 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு.

இலண்டன் துறைமுகத்தில் நெவில் என்னும் கணித அறிஞர் அவரை எதிர்கொண்டு அழைத்துச் சென்று, சில வாரங்கள் தம் இல்லத்திலேயே தங்கச் செய்தார். பின்னர் டிரினிட்டிக் கல்லூரியில் இராமானுஜனுக்கு அறை கிடைத்தது. மரக்கறி உணவன்றிப் பிறிது உண்ணாத அவர், கல்லூரி உணவுக்கூடத்தை நாடாமல் தம் அறையிலேயே சமைத்து உண்டார். புளியும் தேங்காயெண்ணெயும் தாய்நாட்டிலிருந்து அனுப்புமாறு நண்பருக்கு எழுதினார். செருப்பின்றி நடந்து பழகிய கால்களைப் புதிய காலணிகள் வருத்தின. அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. பின்னர் அவர்க்கேற்ற காய்கறிகள் கிடைப்பதும் அரிதாயிற்று.

அந்நாளில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்னும் வங்க இளைஞர் கிங்ஸ் கல்லூரியில் பயின்று வந்தார். பிற்காலத்தில், 1931இல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவரே. அவ்விருவரும் நண்பராயினர். ஒருநாள் மகலனோபிஸ் ஓர் இதழில் கண்ட கணிதப் புதிரைப் படித்துக் காட்டினார். அடுப்பிலிருந்த காய்கறியைக் கிளறிக்கொண்டே, அப்புதிர்க்கு மட்டுமின்றி, அவ்வகையான புதிர்களுக்கெல்லாம் பொருந்தும் விடையை இராமானுஜன் கூறினார். நண்பர் வியந்தார்.

மற்றொரு நாள் கடுங்குளிர். மகலனோபிஸ் சென்றபொழுது இராமானுஜன் கணப்பை ஒட்டி அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தாக்காமல் உறங்க முடிகிறதா என நண்பர் வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்துப் படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று அவர் விடையிறுத்தார். போதிய கம்பளிகள் உளவோ என்று காண நண்பர் படுக்கையறைக்குள் சென்றார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு துணிவிரிப்பு விரிக்கப்பட்டிருந்தது. கம்பளியை விலக்கி அதனுள்ளே புகுந்து உறங்க வேண்டும் என்பதை இராமானுஜன் அறியார். அவர் கம்பளிகளின் மேலே, மெல்லிய துணிவிரிப்பின் கீழே படுத்து, இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார். நண்பர் படுக்கும் முறையைச் செய்து காட்டினார். இராமானுஜன் உள்ளம் நெகிழ்ந்தார்.

அரிய புதிரை நொடியில் விடுவித்த அறிஞர்க்குக் கம்பளியைப் பயன்படுத்தும் முறை தெரியவில்லை. இஃது அவர் அறிவுக்கு இழுக்கன்று. தம் ஊரில் காணாததை எவர்தாம் அறிவார்? பிறரை வினவ நாணினாரோ, வினவத்தக்க செய்தி ஒன்று உண்டு என்பதையே அறியாதிருந்தாரோ, யாம் அறிதற்கில்லை. ஆனால் குளிர்நீக்கும் கம்பளி கையெட்டும் தொலைவில் இருந்தும் அவர் குளிரால் வாடினார் என்பது உண்மை.

1916இல் பட்டமும், 1918இல் அரசவைக் கழக உறுப்பினர் என்னும் பெருஞ்சிறப்பும் இராமானுஜனை வந்தடைந்தன. ஆயினும் 1917ஆம் ஆண்டிலேயே நோய் அவரைப் பற்றியது. 1919இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். குளிரும் தனிமையும் உணவுக் குறையும் அவர் உடலை நலிவித்தன என்று கருதுவோர் உளர்.

வினவுதல், செவிசாய்த்தல், நலம் உசாவுதல் ஆகிய மூன்றையும் தமிழில் ‘கேட்டல்’ என்னும் ஒரு சொல்லாலே குறிக்கிறோம். புதிதாக ஓர் ஊருக்குச் செல்லும் மாணவர் நாணாது கேட்க வேண்டும். கூறுவதைச் செவிசாய்த்துக் கேட்க வேண்டும். முன்னரே அவ்வூரில் வாழ்பவர்க்கோ மூன்றாவது கடமை உரியது. புதியவர் தாமாக வந்து கேட்கட்டும் என்று காத்திராது, அவர் அறைக்குச் சென்று, “இரவில் நன்றாக உறங்கினீரா?” என்று கேட்பதே அக்கடமை. மகலனோபிஸ் அன்று கேட்டதும் அவ்வொரு கேள்வியே.