மாவளிப் பொறி

திருவண்ணாமலை எங்கள் சாலையிலேயே நேர் தெற்கே இருந்தாலும், அங்கே மலையில் ஏற்றும் கார்த்திகைத் தீபம் எங்கள் ஊர் கணியம்பாடிக்குத் தெரியாது. இருந்தும் மாலை 6 மணிக்கு ‘அங்க ஏத்தியாச்சு’ என்று யாராவது சொன்ன பிறகுதான் எங்கள் திண்ணைகளில் அகல் எரியும். வாசல், மாட்டுக்கொட்டகை, கிணற்றடி, எருக்குழி என்று ஓரிடம் விடாமல் ஆயா விளக்கு வைப்பாள். எருக்குழிக்கு விளக்கு எதற்கு என்று கேட்டால், “சோறு அங்கிருந்துதானடா வருது” என்பாள்.

பிள்ளைகளுக்குப் பெரிய கார்த்திகை என்றால் மாவளிதான். அதற்கான வேலை பல நாள் முன்பே தொடங்கிவிடும். ஏரிக்கரையில் ஆண்பனைக்கு அடியில் காய்ந்து விழுந்த பூக்கதிர்களைப் பொறுக்கி வந்து வெயிலில் போடுவோம். “ஈரம் இருந்தா பொறி வராது, நல்லா காயட்டும்” என்று தாத்தா தொடவிட மாட்டார். பிறகு குழி வெட்டி அதில் போட்டுக் கொளுத்துவார். முழுக்கத் தீப்பிடித்துக் கனலாகும் நேரம் பார்த்து மண்ணைத் தள்ளி மூட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் சாம்பல், அவசரப்பட்டால் வேகாத கட்டை. அந்தப் பக்குவம் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். மறுநாள் எடுத்த கரியை அம்மியில் மைபோல அரைத்து, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டுவோம். பிளந்த பச்சைப் பனைமட்டைக்குள் அதை இடுக்கிக் கட்டி, நுனியில் கயிறு பிணைத்தால் மாவளி தயார்.

முனையில் ஒரு கங்கு வைத்து ஊதிவிட்டுத் தலைக்கு மேல் சுற்றினால், முதலில் புகைதான் வரும். வேகம் கூடக்கூடக் காற்று உள்ளே புகுந்து கரி கனன்று, பொறி பொறியாகக் கொட்டும். சுற்றுகிறவன் இருட்டில் மறைந்துபோவான், நெருப்பு வளையம் மட்டும் நிற்கும். வெடிமருந்து ஒரு துளி கிடையாது. பனையும் காற்றும் கை வீச்சும்தான். நான் பார்த்த எந்த வாணமும் அதற்கு ஈடில்லை.

கோயில் முன் நட்ட பனந்துண்டத்தில் காய்ந்த ஓலைகளைக் கூம்பாகச் சார்த்திச் சொக்கப்பனை கொளுத்துவார்கள். கரிந்த குச்சிகளுக்கு ஒரே போட்டி. கொல்லையில் நட்டால் பயிருக்குக் காவல் என்று பெரியவர்கள் பத்திரமாக எடுத்துப் போவார்கள்.

மத்தியதரைக் கடல் தீவுகளிலும் இப்படி ஒரு நெருப்பு உண்டு. ஜூன் 23 இரவில், புனித யோவான் பெயரால். கிரேக்கத் தீவுகளில் மே முதல் நாள் வாசலில் மாட்டிய பூவளையங்களைக் காய்ந்தபின் அதில் போட்டு எரித்து, நெருப்பை மூன்று முறை தாண்டுகிறார்கள். அவர்களுக்கு அது நடுக்கோடை, மிகக் குறுகிய இரவுகளின் காலம். நமக்கோ மழை ஓய்ந்து இருட்டு நீளும் காலம். பருவம் வேறானாலும், ஊர் கூடி நெருப்பைச் சுற்றி நிற்கும் ஆசை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

அண்ணாமலைத் தீபத்துக்கு இன்று ஒரு குறையும் இல்லை. 2668 அடி உச்சியில் கொப்பரை எரிவதைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கிறோம். போனது மாவளிதான். காய்க்காத மரம் என்று ஆண்பனைகளை முதலில் வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றினார்கள். மரம் போனதும் கரி சுடும் பக்குவமும் தாத்தாக்களோடு போயிற்று. இன்று பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்பு.

இப்போது ஏரிக்கரைகளில் பனை விதை நடுகிறார்கள், மனம் நிறைகிறது. பாளை விட 12, 15 ஆண்டுகள் ஆகும். ஆணா பெண்ணா என்பதே அப்போதுதான் தெரியும். அதுவரை காத்திருக்க எனக்கு வயதில்லை. வேறு ஊரிலிருந்தாவது ஒரு மூட்டை பூக்கதிர் தருவித்து, இந்தக் கார்த்திகைக்கே பேரனைக் குழியருகே உட்கார வைத்து, எந்தக் கனலில் மண்ணைத் தள்ளுவது என்று காட்டிவிடப் போகிறேன்.