கோவையிலிருந்து திப்ருகர் வரை

கோவையிலிருந்து சென்னைக்கு இரயிலில் போய் வருவதையே பெரும்பயணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகள் தில்லியிலும் புனேயிலும் கௌஹாத்தியிலும் பணிபுரிகின்றனர். பெட்டியும் படுக்கையும் கட்டிய கைகள் இப்போது மடிக்கணினியையும் கைப்பேசியையும் முதலில் எடுத்து வைக்கின்றன. அவ்விரண்டையும் நம்பி நெடுந்தொலைவு சென்ற நமது அனுபவத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அஸ்ஸாம் மாநிலத்தில் ஆசிரியப் பணி புரியும் துறவியான நம் தங்கையைக் கண்டு வரச் சென்ற ஆண்டு புறப்பட்டோம். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் விரைவு வண்டி நம் கோவை வழியாகத்தான் செல்கிறது. சுவாமி விவேகானந்தரின் 150-ஆம் பிறந்த ஆண்டினை முன்னிட்டு 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வண்டி இது. ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடி, மூன்று நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் இதுவே இந்தியாவில் மிக நீண்ட தொலைவு செல்லும் பயணியர் வண்டி.

கையில் ஒரு வேலையும் இருந்தது. நம் பங்கின் நூற்றாண்டு மலரின் பக்கங்களைத் திருத்தி, மூன்று நாட்களுக்குள் கோவை அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். "வண்டியில் மூன்று நாள் சும்மாதானே உட்காரப் போகிறீர்கள், மாமா, இதில் முடித்து அனுப்பிவிடுங்கள்" என்று தன் மடிக்கணினியைத் தங்கை மகன்முறையான பிள்ளை ஒருவன் தந்திருந்தான். எண்பது வயதைக் கடந்த நம் அன்னையோ, "போற வழியெல்லாம் போன் பண்ணிக்கிட்டே போ சாமி" என்று மட்டும் சொன்னார். "அதற்கென்ன அம்மா, எந்த நேரமும் பேசலாம்" என்றோம். அந்த வாக்குறுதிதான் பின்னர் நம்மை வருத்தியது.

பீளமேடு, இருகூர், சோமனூர் என்று நிலையங்கள் பின்னோக்கி ஓடின. திருப்பூரையும் ஊத்துக்குளியையும் கடந்து ஈரோட்டை அடையும் வரை இணையம் தடையின்றிக் கிடைத்தது. ஆலைகளும் ஊர்களும் அடுத்தடுத்து நெருங்கியிருக்கும் பகுதி அது. ஆகவே அலைக்கோபுரங்களுக்கும் பஞ்சமில்லை. காவிரியைத் தாண்டும்போது, "வேலை வெகு எளிதாக முடிந்துவிடும்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். சேலத்துக்கு அப்பால் லோக்கூர், பொம்மிடிப் பக்கத்து மலைக்காட்டினுள் வண்டி நுழைந்ததும் நிலைமை மாறிற்று. படங்களோடு கூடிய பக்கங்களை அனுப்பத் தொடங்கியிருந்தோம். முக்கால் பங்கு சென்ற நிலையில் இணைப்பு அறுந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால், மீண்டும் பாதியில் அறுந்தது.

இதற்குக் காரணம் உண்டு. அலைக்கோபுரங்கள் பெரும்பாலும் ஊர்களுக்காக நிறுவப்பட்டவை. ஊரில்லாத இடத்தில் அவையும் இல்லை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் விரையும் வண்டியிலோ, ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து அடுத்ததன் எல்லைக்குக் கைப்பேசி ஓயாமல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியின் எஃகு உடல் அலைகளைப் பெரிதும் தடுக்கிறது. இவற்றோடு, ஒரே வண்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தை நாடும்போது, கிடைக்கும் சிறிதளவையும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள நேரிடுகிறது.

வண்டியிலேயே இணைய வசதி தரும் முயற்சியும் நம் நாட்டில் நடந்ததுண்டு. 2013-ஆம் ஆண்டில் ஹௌரா ராஜதானி விரைவு வண்டியில் செயற்கைக்கோள் வழியாக வைஃபை வசதி சோதித்துப் பார்க்கப்பட்டது. செலவு மிகுதி, பயணிகளுக்குக் கிடைத்த வேகமோ போதவில்லை என்ற காரணங்களால் அத்திட்டம் கைவிடப்பட்டதாக 2021-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சர் மக்களவையில் தெரிவித்தார். நிலையங்களில் நிலைமை வேறு. 2016-இல் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில்டெல் வைஃபை இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் உண்டு. நாளொன்றுக்கு முதல் அரை மணி நேரம் கட்டணமில்லை. கூகுள் நிறுவனத்தோடு இணைந்து அவ்வசதி பெற்ற நானூறாவது நிலையம், 2018 ஜூன் மாதத்தில், நாம் போய்ச் சேரவிருந்த அதே திப்ருகர்தான்!

இவற்றையெல்லாம் நமக்கு உணர்த்திய ஆசான் எதிர் இருக்கையில் அமர்ந்திருந்தார். திருப்பூர் பனியன் ஆலையொன்றில் தையல் வேலை செய்யும் அஸ்ஸாம் இளைஞர் அவர். ஆண்டுக்கு ஒருமுறை இவ்வண்டியில் ஊருக்குப் போய் வருபவர். ஆறாண்டு உழைப்பில் கொங்குத் தமிழும் அவருக்குக் கைவந்திருந்தது. நாம் படும் பாட்டைக் கண்டு, "ஐயா, ஓடற வண்டியில நெட்டை நம்பக்கூடாதுங்க. வேணுங்கறதையெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாலயே இறக்கி வெச்சுக்கோணுங்க. அனுப்பறதுன்னா பெரிய ஸ்டேஷன்ல வண்டி நிக்கறப்ப அனுப்போணுங்க" என்றார். அவ்வாறே கணினியிலேயே திருத்தங்களைச் செய்து சேமித்துக்கொண்டோம். எழுத்துப் பக்கங்களைத் தனியாகவும், அளவு குறைத்த படங்களைத் தனியாகவும் பிரித்தோம். விஜயவாடாவில் வண்டி நின்றபோது எழுத்துப் பக்கங்கள் அனைத்தும் சில நிமிடங்களில் கோவை போய்ச் சேர்ந்தன.

அந்த மகிழ்ச்சியில் ஒரு பிழை செய்தோம். மடிக்கணினிக்கு இணையம் நம் கைப்பேசி வழியாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த இணைப்பை அணைக்க மறந்து உறங்கிவிட்டோம். இரவு முழுதும் அது கைப்பேசியின் மின்சேமிப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மின்முனையில் செருகித்தான் வைத்திருந்தோம். ஆனால் இரவில் அதில் மின்சாரம் இல்லை. தீ விபத்துகளைத் தவிர்ப்பதற்காக இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் செய்யும் முனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என 2014-இலேயே இரயில்வே மண்டலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. 2021-இல் அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. நன்மைக்கான விதிதான், அறியாமை நம்முடையது. காலையில் கண் விழித்தபோது கைப்பேசி உயிரற்றுக் கிடந்தது. நம் பகுதியில் இருந்த முனைகளிலோ நமக்கு முன்பே எழுந்தவர்களின் கைப்பேசிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

வண்டி ஒடிசாவின் கரையோரமாகச் சென்றுகொண்டிருந்தது. பத்ரக்கைக் கடந்ததும் பெட்டியில் பேச்சுக் குறைந்தது. சிலர் சன்னலருகே வந்து நின்றனர். பாஹாநாகா பஜார் என்ற சிறு நிலையம் நம்மைக் கடந்து போயிற்று. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, சென்னை நோக்கி வந்த கொரமண்டல் விரைவு வண்டி நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதி, எதிர்த்தடத்தில் சென்ற வண்டியும் சிக்கி, 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடம் அது. தொலைதூரத்தில் உழைத்துவிட்டு வீடு திரும்பியவர்களும், பிழைப்புத் தேடித் தெற்கே புறப்பட்டவர்களும் அவ்வண்டிகளில் எத்தனையோ பேர் இருந்தனர். அன்றிரவு எத்தனை வீடுகளில் தாய்மார் திரும்பத் திரும்ப எண்களைச் சுழற்றி, மறுமொழி இன்றித் தவித்திருப்பர்! நாம் தலைகுனிந்து மௌனமாக வேண்டிக்கொண்டோம். அப்போதுதான் நம் அன்னையின் நினைவு நெஞ்சில் தைத்தது.

எதிரிலிருந்த இளைஞர் தம் பவர் பேங்க்கை எடுத்து நீட்டினார். கைப்பேசி உயிர் பெற்றதும் அழைத்தோம். மறுமுனையில் சில கணங்கள் அழுகை மட்டுமே கேட்டது. பிறகு, "ராத்திரியிலிருந்து கூப்புடறேன் கண்ணு... அணைச்சு வெச்சிருக்குதுங்குது. அந்த ஒரிசா வண்டியாட்ட ஏதாச்சும் ஆயிப்போச்சோன்னு..." என்றார். விடியும் வரை அவர் செபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை என்பதைப் பிறகு அறிந்தோம்.

அன்னையை ஆறுதல்படுத்தும் எண்ணத்தில் பழைய கதையொன்றை நினைவூட்டினோம். பஞ்சாலையில் பணிபுரிந்த நம் தந்தையார் பஞ்சு கொள்முதலுக்காக நாகபுரிப் பக்கம் போவார். போகிற வழியில் அஞ்சல் வண்டிப் பெட்டியில் ஓர் அஞ்சலட்டையைப் போடுவார். அது வீடு வந்து சேர நாட்கள் பல ஆகும். "அப்போதெல்லாம் நீங்கள் பயந்ததில்லையே, அம்மா?" என்று கேட்டோம்.

"அப்போ கடுதாசி எந்நாளு வரும்னு தெரியும் சாமி. அந்த நாளு வரைக்கும் மனசு சும்மா இருந்துது. நீ எந்நேரமும் பேசலாம்னு சொல்லிப்போட்டுப் போயிட்டே. பேசாத நேரமெல்லாம் எனக்குப் பயமாத்தான் இருந்துது."

அன்பர்களே, தொடர்பு அறுந்தது நம் அன்னையைக் கலங்கச் செய்யவில்லை. அறுந்து போகும் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லாததுதான் அவரைக் கலங்கச் செய்தது.

ஆகவே, திரும்பும் பயணத்துக்கு முன் திப்ருகரில் தங்கையோடு அமர்ந்து ஒரு தாளில் எழுதினோம்: கௌஹாத்தி, நியூ ஜல்பாய்குரி, புவனேசுவர், விஜயவாடா, காட்பாடி. இந்நிலையங்களில் வண்டி நிற்கும் நேரங்களைக் குறித்து, "இங்கெல்லாம் பேசுவோம், இடையில் பேச இயலாது, வண்டி தாமதமானால் பேச்சும் தாமதமாகும்" என்று அன்னைக்கு வாசித்துக் காட்டச் செய்தோம். அவர் அதனை நாட்காட்டியின் அருகே ஒட்டச் சொன்னாராம். நியூ ஜல்பாய்குரியில் வண்டி மூன்று மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தது. அழைத்தபோது, "வண்டி லேட்டுங்களா? சாப்பிட்டயா?" என்று மட்டும் கேட்டார்.

நெடும்பயணம் செல்லும் நம் இளைஞர்களுக்குச் சில சொற்கள். மடிக்கணினியின் மின்னேற்றிமேல் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். சில பெட்டிகளின் முனைகளில் 110 வோல்ட்தான் வரும். பகலிலேயே மின்னேற்றிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் ஒன்றை அன்னையோடு பேசுவதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். வேலையைக் கணினிக்குள்ளேயே செய்து, பெரிய நிலையங்களில் அனுப்புங்கள். முனை காலியாக இருந்தால் அடுத்தவருக்கும் இடம் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படும்போது "எந்நேரமும் பேசுகிறேன்" என்று எளிதில் சொல்லிவிடாதீர்கள். எப்போது பேசுவீர்கள், எப்போது பேச இயலாது என்ற இரண்டையும் வீட்டிலிருப்போர் கையில் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள்.

நூற்றாண்டு மலர் குறித்த நாளில் வெளிவந்தது. அந்தத் தாளோ இன்றும் நம் வீட்டு நாட்காட்டியின் அருகே இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு வேண்டுமென்று அன்னை அதனைக் கழற்ற விடவில்லை.