யவனர் சாடியும் அம்மாவின் சட்டியும்

இராயபுரத்துப் பிள்ளைகளுக்குக் கப்பல் அதிசயமன்று. ஆயினும் யவனர் கப்பல் என்றதும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியில் வனைந்த செந்நிறக் கலங்களும், மது வந்த இருகாதுச் சாடிகளும் கிடைத்தன அல்லவா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலகம் நம் கரையை நாடி வந்தது என்று வகுப்பில் முழங்குவேன்.

அதே பெருமிதத்துடன், பெரியோர் 'செத்த காலேஜ்' என்றழைத்த எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த பொருள்களைக் காட்டினேன். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்தவர்கள், உடன் மண்கலங்களையும் வைத்தார்கள். அவற்றில் நெல்லுமியும் இருந்தது என்றேன்.

"செத்தவருக்குச் சட்டி எதற்கு, சார்?" என்றான் ஒருவன்.

நான் வாய் திறக்குமுன், சென்ற ஆண்டு தாயை இழந்த பையன் மெல்லச் சொன்னான்: "பசிக்குமே!"

எனக்குச் சுரீரென்றது. என் அன்னை காலமான மறுவாரமே, அவள் குழம்பு வைத்த கரிபிடித்த சட்டியைக் குப்பையில் போட்டவன் நான். யவனர் சாடி நம் செல்வத்தைக் கூறும். யார் யாருக்குச் சோறிட்டார் என்பதை அடுப்பேறிய சட்டிதான் கூறும்.

மாலையில் வீடு திரும்பியதும், "அம்மாவின் பொருள் வேறு ஏதேனும் இருக்கிறதா?" என்று மனைவியைக் கேட்டேன். ஒரு மத்து மட்டும் மிஞ்சியிருந்தது.